170 யென்னில் தொடங்கிய காதலர் தினம்

1958 பிப்ரவரியில் டோக்கியோவின் ஷிஞ்சுகு பகுதியில் உள்ள இசெத்தான் பல்பொருள் அங்காடியில், மேரி சாக்லேட் என்ற சிறிய நிறுவனம் ‘வாலன்டைன் விற்பனை’ ஒன்றை நடத்தியது. மூன்று நாளில் விற்றவை 50 யென் சாக்லேட் கட்டிகள் மூன்றும், 20 யென் வாழ்த்து அட்டை ஒன்றும். மொத்த வரவு 170 யென்.

இன்று ஜப்பானில் பிப்ரவரி 14 என்றால் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்கும் நாள். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 14 அன்று, வாங்கிக்கொண்ட ஆண்கள் திருப்பிச் செய்ய வேண்டும். ஜப்பானில் பிறந்த இந்த இரட்டை ஏற்பாட்டை ‘மிட்டாய்க் கம்பெனிகளின் சதி’ என்று ஜப்பானியர்களே அலுத்துக்கொள்வதுண்டு. அது பாதி உண்மைதான். கம்பெனிகள் 1936 முதல் கூவிப் பார்த்தன. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. தேதியைக் கொடுத்தது வியாபாரிகள். அதைத் திருநாளாக்கியது அந்த நாட்டில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த கொடுக்கல் வாங்கல் வழக்கம். பின்னாளில் அந்தத் திருநாளுக்குச் சலிப்பு தட்டியதற்கும் அதே வழக்கம்தான் காரணம்.

ஐரோப்பியப் பூர்வகதையை விரைவாகச் சொல்லிவிடலாம். பிப்ரவரி 14க்கு உரிய புனித வாலன்டைன் யார் என்பதே குழப்பம். ரோமைச் சேர்ந்த குரு ஒருவர், தெர்னி நகர ஆயர் (பிஷப்) ஒருவர் என, மதத்துக்காக உயிர்விட்ட இரண்டு மறைசாட்சிகளைப் பழைய ஏடுகள் குறிப்பிடுகின்றன. இருவரைப் பற்றிய பழைய குறிப்புகளிலும் காதல் இல்லை. வரலாற்றுச் சான்று போதாது என்று 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து அந்த நினைவுநாளை எடுத்துவிட்டது. ரோமானியரின் லூப்பர்காலியா விழாவை ஒழித்துவிட்டு அந்த இடத்தில் போப் கெலாசியுஸ் வைத்ததே இந்த நாள் என்று ஆண்டுதோறும் இணையத்தில் சுற்றும் செய்திக்கும் ஆதாரம் கிடையாது; அவர் லூப்பர்காலியாவைக் கண்டித்தார் என்பது வரைதான் உண்மை. அந்தத் தேதியையும் காதலையும் தெளிவாக முடிச்சுப் போட்ட முதல் எழுத்து, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் பறவைகள் துணை தேடுவது பற்றி எழுதிய கவிதை.

செலவு அதற்குப் பிறகு சீக்கிரமே வந்து ஒட்டிக்கொண்டது. லண்டன் அதிகாரி சாமுவேல் பெப்பிஸ், ‘இந்த ஆண்டு என் மனைவிக்கு நான்தான் வாலன்டைன், 5 பவுண்டு ஆகும்’ என்று 1667ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் வந்து, கடிதக் கட்டணத்தை அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டலாம் என்றானதும் அட்டை வியாபாரம் பெருகியது. சாக்லேட் இந்தக் கதைக்குள் நுழைந்ததற்குக் காரணம் ஓர் உபரி. கேட்பரி நிறுவனம் 1866இல் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் டச்சு இயந்திரத்தை வாங்கியது. குடிக்கும் கோகோத் தூள் சுத்தமாக வந்தது. கூடவே கோகோ வெண்ணெய் மிஞ்சியது. அதைக் கொண்டு தின்னும் சாக்லேட் செய்து, விற்பதற்கு அழகான பெட்டி தேடியபோது உருவானதுதான் 1860களின் இறுதியில் ரிச்சர்ட் கேட்பரி கொண்டுவந்த இதய வடிவப் பெட்டி. மிஞ்சிய பொருளுக்கு ஒரு நாள் தேடுவது இந்த வரலாற்றில் இன்னொரு முறையும் வரும்.

ஜப்பானில் இதன் தொடக்கம் கோபே துறைமுகம். புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டு வெளியேறி அங்கே மிட்டாய்க்கடை வைத்தது மொரோசொஃப் குடும்பம். 1931இல் ஜப்பானியப் பங்காளியுடன் சேர்ந்து நிறுவனம் ஆரம்பித்தார்கள். பிறகு பிணக்கு வந்து வழக்காகி, தங்கள் குடும்பப் பெயரைத் தங்கள் கடைக்கே வைக்கும் உரிமையை இழந்தார்கள். குடும்பத்தின் மகன் பெயர் வாலன்டின் என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெயர் நிறுவனத்திடமே தங்கிவிட்டது. 1936 பிப்ரவரி 12 அன்று ‘ஜப்பான் அட்வர்டைசர்’ என்ற ஆங்கில நாளிதழில், உங்கள் வாலன்டைனுக்கு மொரோசொஃப் சாக்லேட் பெட்டி பரிசளியுங்கள் என்று அந்த நிறுவனம் விளம்பரம் போட்டது. ஜப்பானில் வாலன்டைன் சாக்லேட் விளம்பரம் என்று காட்டக் கிடைப்பதில் இதுதான் பழையது.

அது போய்ச் சேர்ந்தது ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவருக்கு மட்டும். நேரமும் சரியில்லை. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 26 அன்று, டோக்கியோவில் இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சிக்கவிழ்ப்புக்கு முயன்றார்கள். அடுத்த ஆண்டு சீனாவுடன் போர். கோகோ இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, பிறகு நின்றே போனது. போர் முடிந்த பிறகும் சாக்லேட் என்பது அமெரிக்கச் சிப்பாய்களின் பின்னால் ஓடிக் குழந்தைகள் கேட்டு வாங்கும் பொருளாகத்தான் இருந்தது. கோகோ கொட்டை இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கியது 1960இல். அதற்கு முன்பு யார் எந்த நாளைக் கண்டுபிடித்திருந்தாலும் கொடுக்கச் சரக்கு போதாது. 1958இன் 170 யென்னை விளம்பரத்தின் தோல்வி என்று மட்டும் பார்ப்பது தவறு.

அந்த 170 யென்னுக்கு அடுத்த ஆண்டு மேரி நிறுவனம் செய்த மாற்றம்தான் ஜப்பானிய வாலன்டைனின் உருவத்தைத் தீர்மானித்தது. இதய வடிவச் சாக்லேட் செய்து, கொடுப்பவர் பெயரும் பெறுபவர் பெயரும் அதன் மேல் எழுதித் தந்தார்கள். கூடவே, ஆண்டுக்கு ஒரு முறை பெண் தன் காதலை ஆணிடம் சொல்லலாம் என்று விளம்பரம் செய்தார்கள். மேற்கில் ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் கொடுப்பது வழக்கம். இங்கே திசை ஒன்றாகிவிட்டது. காரணம் தத்துவமல்ல. பல்பொருள் அங்காடிக்கு வந்து பை பிடித்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாங்குபவரையே கொடுப்பவராக்கிவிட்டால் ஒரே விளம்பரத்தில் வேலை முடிந்தது.

இந்தப் பெருமைக்கு வேறு பலரும் உரிமை கொண்டாடுகிறார்கள். 1960இல் மொரினாகா நிறுவனம் செய்தித்தாள் விளம்பரங்களோடு இறங்கியது. 1968இல் கின்ஸாவின் சோனி பிளாசா கடை தானும் ஒரு வாலன்டைன் விற்பனை வைத்தது. யார் முதல் என்ற சண்டையில் அர்த்தமில்லை, ஏனென்றால் இவர்களில் எவராலும் அந்த நாளை உடனே ஓட வைக்க முடியவில்லை. 1960களின் அங்காடிகள் கைப்பை, கழுத்துப்பட்டை, கைக்குட்டை என்று எதை எதையோ வாலன்டைன் பரிசாக முன்வைத்துப் பார்த்தன. ஒன்றும் ஒட்டவில்லை.

ஒட்ட வைத்தவர்கள் 1970களின் பள்ளி மாணவிகள். அதற்குள் சமூகத்தில் ஒன்று மாறியிருந்தது. 1960களின் பிற்பகுதியில்தான் ஜப்பானில் காதல் திருமணங்களின் எண்ணிக்கை பெரியவர்கள் பார்த்து நிச்சயித்த திருமணங்களை முந்தியது. பெண்ணே வாய் திறந்து சொல்ல ஒரு சாக்கு தேவைப்பட்டது. வழக்கமான ஒரு சாக்லேட் கட்டி கைச்செலவுப் பணத்தில் அடங்கும். பள்ளி வாசலில் காலணி வைக்கும் பெட்டியில் யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டுப் போகலாம். நிராகரித்தால் ‘சும்மாதான் கொடுத்தேன்’ என்று பின்வாங்கவும் முடியும். கைப்பையோ கழுத்துப்பட்டையோ இந்த மூன்றில் எதையும் செய்யாது.

பிப்ரவரி என்ற மாதமும் உதவியது. ஜப்பானியச் சில்லறை வணிகத்தில் பிப்ரவரியும் ஆகஸ்டும் கல்லா காயும் மாதங்கள். இரண்டு, எட்டு என்ற எண்களைச் சேர்த்து ‘நிப்பாச்சி’ என்றே அதற்கு வணிகர்களிடம் பெயர் உண்டு. புத்தாண்டு விற்பனை முடிந்திருக்கும், ஏப்ரலில் பள்ளியும் வேலையும் புதிதாகத் தொடங்குவதற்கான செலவு இன்னும் ஆரம்பித்திருக்காது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விற்பனை படுத்துவிட்ட அங்காடிகள் இந்தப் பள்ளத்தை நிரப்ப எதையாவது தேடிக்கொண்டிருந்தன. சாக்லேட்டுக்கும் குளிர்காலம்தான் தோது. 28 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி 34க்குள் முழுதும் உருகிவிடும் பொருளை, ஜப்பானின் புழுக்கமான ஆகஸ்டில் காலணிப் பெட்டியில் வைக்க முடியாது.

கையால் செய்த சாக்லேட்

மனதில் நினைத்தவருக்குக் கொடுப்பதற்கு ‘ஹொன்மெய் சோகோ’ என்று பெயர். கடையில் வாங்கியதை அப்படியே கொடுப்பதைவிடக் கையால் செய்ததற்கு மதிப்பு அதிகம். இதற்காக ஜனவரி பாதியிலிருந்தே சூப்பர் மார்க்கெட்டுகளில் கட்டிச் சாக்லேட், அச்சு, கோகோத் தூள், ரிப்பன், பெட்டி எல்லாம் ஒரே அலமாரிக்கு வந்துவிடும். 100 யென் கடைகளிலும் கிடைக்கும். கையால் செய்வது என்றால் கொட்டையை வறுத்து அரைப்பது அல்ல. கடைச் சாக்லேட்டை உருக்கி வேறு வடிவத்தில் உறைய வைப்பது. எளிதான வேலை என்று நினைத்து 13ஆம் தேதி இரவு உட்காருபவர்கள் பலர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

முதல் தொல்லை தண்ணீர். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் அதிலுள்ள சர்க்கரையும் கோகோத் துகள்களும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு திரண்டு, மொத்தமும் மணல் போலக் கெட்டிப்படும். அதனால் கிண்ணம், கரண்டி எல்லாம் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். கீழே இருக்கும் வெந்நீர்ப் பாத்திரம் கிண்ணத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால் ஆவி உள்ளே புகாது. நேரடி அடுப்பில் வைத்தால் அடி பிடிக்கும். 50 முதல் 55 பாகை வெந்நீர் போதும்.

இரண்டாவது தொல்லை உடனே தெரியாது. உருக்கியதை அப்படியே அச்சில் ஊற்றினால் மறுநாள் மேலே வெள்ளைச் சாம்பல் பூத்திருக்கும், கடித்தால் சொத்தென்று இருக்கும். கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகைதான் பளபளப்பும் ‘படக்’கென்று உடையும் தன்மையும் தரும். கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 பாகை வரை உருக்கி, கிளறிக்கொண்டே 27க்கு இறக்கி, மீண்டும் 31-32க்கு ஏற்றிப் பிறகு ஊற்றினால் அந்த வகை படிகம் கிடைக்கும். பால் சாக்லேட்டுக்கு எல்லாமே இரண்டு மூன்று பாகை குறைவு. சமையல் வெப்பமானி இல்லாமல் இதைச் செய்வது சூதாட்டம்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் படிகச் சிக்கலே இல்லாத, பாலேடு கலந்த மென்மையான ‘நாமா சோகோ’ பக்கம் போகிறார்கள். 200 கிராம் கறுப்புச் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 100 மில்லி கொழுப்பு மிகுந்த பாலேட்டை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி அதன் மேல் ஊற்ற வேண்டும். ஒரு நிமிடம் விட்டு, நடுவிலிருந்து வெளியே மெதுவாகக் கிளற வேண்டும். தாள் விரித்த தட்டில் ஊற்றிக் குளிர்பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்து, சூடான கத்தியால் சதுரமாக வெட்டிக் கோகோத் தூளில் புரட்டினால் முடிந்தது. பாலேடு கொதித்துவிட்டாலோ வேகமாக அடித்தாலோ எண்ணெய் பிரியும். ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுக் கிளறினால் பெரும்பாலும் மீண்டும் கூடும். பாலேடு இருப்பதால் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளில் சாப்பிட்டுவிட வேண்டும். ஒரு வாரம் முன்பே செய்து வைக்கும் பண்டமல்ல இது.

கடமைச் சாக்லேட்

காதலுக்கு மட்டும் என்றிருந்தால் இந்த நாள் பள்ளிப் பருவத்து விளையாட்டாக நின்றிருக்கும். 1980களில் அது அலுவலகத்துக்குள் நுழைந்தது. உடன் வேலை செய்யும் ஆண்கள், மேலதிகாரி, வாடிக்கையாளர் என எல்லாருக்கும் பெண் ஊழியர்கள் கொடுக்கும் ‘கிரி சோகோ’, அதாவது கடமைக்குக் கொடுக்கும் சாக்லேட், உருவானது. ஜப்பானில் கோடையில் ஒன்று, ஆண்டு முடிவில் ஒன்று என்று பரிசுப் பருவங்கள் ஏற்கெனவே உண்டு. திருமணத்துக்கும் துக்கத்துக்கும் வந்த பணத்தில் பாதி மதிப்புக்குத் திருப்பிச் செய்யும் முறையும் உண்டு. நம் ஊர் மொய் நோட்டைப் போல எழுதி வைக்காவிட்டாலும் கணக்கு எல்லார் மனதிலும் இருக்கும். பிப்ரவரி 14 அந்தக் கணக்கில் ஒரு புது வரியாகச் சேர்ந்தது.

நடைமுறையில் இது இப்படிப் போகும்: பிரிவில் உள்ள பெண்கள் பட்டியல் போடுவார்கள். ஆளுக்குச் சில நூறு யென் மதிப்பில், எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்குவார்கள். ஒருவருக்கு மட்டும் பெட்டி பெரிதானால் பேச்சு கிளம்பும். ஒருவர் விட்டுப்போனால் இன்னும் மோசம். ‘நான் கொடுக்கப்போவதில்லை’ என்று ஒரு பெண் விலகினால் மற்றவர்களுக்குச் சங்கடம். பிப்ரவரி 14 சனி, ஞாயிறில் வரும் ஆண்டுகளில் பல பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். சாக்லேட் கடைக்காரர்கள் முகம் சுருங்கும். 2026இல் அது சனிக்கிழமை.

முட்டை வெள்ளையும் மார்ச் 14உம்

ஒருபக்கக் கொடுக்கல் ஜப்பானியக் கணக்கில் நிற்காது. வாங்கியவர் எப்போது திருப்புவது? இதற்கு விடை சொன்னது ஃபுகுவோக்கா நகரின் பழைய இனிப்புக்கடை இஷிமுரா மன்செய்தோ. மஞ்சள் கரு மட்டும் சேரும் ஒரு பாரம்பரிய இனிப்பைச் செய்யும்போது மிஞ்சிய முட்டை வெள்ளையை வீணாக்காமல் மார்ஷ்மெல்லோ செய்யப் பழகிய கடை அது. 1977இல் பெண்கள் இதழ் ஒன்றில், ஆண்கள் வாலன்டைனுக்கு எதுவும் திருப்பித் தருவதில்லை, ஒரு மார்ஷ்மெல்லோவாவது தரலாமே என்ற பொருளில் வாசகி ஒருவர் எழுதியது அந்தக் கடையின் நிர்வாகியின் கண்ணில் பட்டது. உள்ளே சாக்லேட், வெளியே மார்ஷ்மெல்லோ. நீ தந்த சாக்லேட்டை என் மென்மையால் மூடித் திருப்பித் தருகிறேன் என்பது விளம்பரக் கருத்து. 1978 மார்ச் 14 ‘மார்ஷ்மெல்லோ தினம்’ ஆனது. தேதியைத் தேர்ந்ததில் உள்ளூர் இவத்தாயா அங்காடிக்கும் பங்கு உண்டு; பிப்ரவரிக்கும் வசந்த விற்பனைக்கும் நடுவே அவர்களிடம் ஒரு நிகழ்ச்சியும் இல்லை.

மார்ஷ்மெல்லோ ஒரு கடையின் சரக்கு. நாடு முழுவதற்கும் அது போதாது. தேசிய மிட்டாய் உற்பத்தியாளர் கூட்டுறவு அமைப்பு இதே தேதியை எடுத்து, சர்க்கரையின் நிறத்தை ஒட்டி ‘வெள்ளை தினம்’ என்று பெயரிட்டு 1980 முதல் நடத்தியது. புனித வாலன்டைன் இணைத்து வைத்த ஜோடி ஒரு மாதம் கழித்து மார்ச் 14 அன்று மீண்டும் காதல் உறுதி எடுத்ததாக ஒரு கதையும் சேர்க்கப்பட்டது. விற்பனைக்கு முன்தேதியிட்டு எழுதிய புராணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பிறகு மக்கள் தங்கள் பங்குக்கு விதி எழுதினார்கள். வாங்கியதைப் போல மூன்று மடங்கு மதிப்புக்குத் திருப்ப வேண்டும் என்ற பேச்சு பொருளாதாரம் கொழித்த 1980களில் பரவியது. எந்தப் பண்டம் என்ன சொல்கிறது என்றும் ஒரு பட்டியல் உண்டு: மிட்டாய் கொடுத்தால் பிடித்திருக்கிறது, பிஸ்கட் கொடுத்தால் நட்பு மட்டும், மார்ஷ்மெல்லோ கொடுத்தால் பிடிக்கவில்லை. வாயில் போட்டதும் கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடுகிறதாம். இந்த நாளைத் தொடங்கி வைத்த பண்டத்துக்கே இந்தக் கதி. தென் கொரியாவும் தைவானும் வெள்ளை தினத்தை எடுத்துக்கொண்டன. கொரியர்கள் இன்னொரு மாதம் நீட்டி, இரண்டு நாளிலும் எதுவும் கிடைக்காதவர்கள் ஏப்ரல் 14 அன்று கறுப்புச் சாந்து ஊற்றிய ஜாஜாங்மியன் நூடுல்ஸ் சாப்பிடும் ‘கறுப்பு தினம்’ வைத்துக்கொண்டார்கள்.

கடமையின் சுமையைப் பகிரங்கமாகச் சொன்னது ஒரு சாக்லேட் நிறுவனமே என்பது வேடிக்கை. 2018 பிப்ரவரி 1 அன்று கொடைவா, நிக்கேய் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, ஜப்பான் கடமைச் சாக்லேட்டை நிறுத்தட்டும் என்றது. வாலன்டைன் நாள் பிடிக்காத பெண்கள் இருக்கிறார்கள், கொடுக்க வேண்டாம் என்று மேலதிகாரிகளே சொல்லிவிடுங்கள் என்று அது கேட்டுக்கொண்டது. இதைப் பரோபகாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கொடைவாவின் பெட்டி விலை உயர்ந்தது. பத்துப் பேருக்குக் கடமைக்கு வாங்குபவர் அங்கே போகமாட்டார். எதிர்முனையில் இருப்பது பிளாக் தண்டர் என்ற மலிவான சாக்லேட் பார். பார்த்ததுமே கடமைக்குத்தான் என்று தெரியும் சாக்லேட் என்று 2013 வாக்கிலேயே தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட பண்டம் அது. பெற்றவர் தவறாக நினைத்துக்கொள்ள இடமில்லை, மூன்று மடங்கு திருப்பினாலும் பர்ஸ் தாங்கும். அந்த விளம்பரத்தில் கொடைவாவின் நீண்ட கடிதத்தைவிட அதிக நேர்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இப்போது கடமைச் சாக்லேட் தேய்ந்துவருகிறது. பல நிறுவனங்கள் தடையே போட்டிருக்கின்றன. தோழிகளுக்குள் மாற்றிக்கொள்ளும் ‘தோமொ சோகோ’வும் தனக்குத் தானே வாங்கிக்கொள்ளும் ‘ஜிபுன் சோகோ’வும் இடத்தைப் பிடித்துவிட்டன. பாரிஸின் சலோன் து ஷோகோலா கண்காட்சியை 2003இல் டோக்கியோவுக்குக் கொண்டுவந்தது இசெத்தான் அங்காடி. ஐரோப்பியச் சாக்லேட் கலைஞர்களிடம் கையெழுத்து வாங்க அங்கே வரிசையில் நிற்கும் பெண்களில் பலர் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. ஒரு துண்டுக்கே சில நூறு யென் தரும் இவர்கள்தான் வியாபாரத்துக்கு இன்றைய தெம்பு. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியபோது, தேவையான கொட்டையில் பெரும்பகுதியைக் கானாவிலிருந்து வாங்கும் ஜப்பான் தப்ப முடியவில்லை. பட்டியல் போட்டுப் பத்துப் பேருக்கு வாங்கிய அலுவலகத்தார் அந்த விலையில் கைவிடுவார்கள். ஒரே பெட்டி தனக்கென வாங்குபவர் அளவைக் குறைத்துக்கொண்டு தொடர்வார். ஆனால் தனக்கே வாங்கிக்கொண்டவருக்கு யாரும் கடன்பட்டவரல்ல என்பதால், முதலில் சுருங்கப்போவது மார்ச் 14இன் அலமாரிதான்.